ஒன்பது குச்சி

டர்ன்பக்கிள் நழுவி மணிக்கட்டுல இறங்குன ராத்திரி
கப்பல் நேரத்துக்குக் கிளம்பிப் போயிடுச்சு.
என் சோத்தாங்கை மட்டும்
ஸ்டான்லி ஆஸ்பத்திரி மாவுக்கட்டுக்குள்ள
ஆறு வாரம் குடியிருந்துச்சு.

மிச்சம் பீச்சாங்கை.
முப்பத்தெட்டு வருசமா ஒரே சட்டைக்குள்ள இருக்கோம்,
அதுக்கு ஒரு பட்டன் போடத் தெரியல.
பூட்டைத் திறன்னா
சாவியைப் புடிச்சிக்கினு
கடன் கேக்க வந்தவன் மாதிரி கதவாண்ட நிக்குது.

ஹெப்சிபா மேடம் ஒரு பலகைய வச்சாங்க.
ஒன்பது ஓட்டை, ஒன்பது குச்சி.
எடுக்கணும், சொருகணும், திரும்பப் புடுங்கிக்
கிண்ணத்துல போடணும்.
நாப்பதடி கண்டெய்னருங்களை அடுக்கடுக்கா
ராடு மாட்டி இறுக்குனவன் நான்.
நாப்பத்தொன்பது விநாடி.
ரெண்டு குச்சி மேசைக்கு அடியில.

“கட்டு போட்ட கைக்கும் சேத்துத்தான் படிக்கிறீங்க”ன்னாங்க.
எனக்கு ஆறுதல் சொல்றாங்கன்னு விட்டுட்டேன்.

பக்கத்து நாற்காலியில நஸ்ரின்.
மண்ணடியில பேப்பர் கட்டிங் மிசின்ல
எடது கை நரம்பு அறுந்த பொண்ணு.
பொறவியிலயே எடது கைக்காரி.
சோத்தாங்கையால முடிச்சா, இருபத்தேழு விநாடி.
“இன்னாம்மா, ஏமாத்துறியா?”

சிரிக்காம சொன்னா:
“கத்தரிக்கோலு, காலேஜ் பெஞ்சு, மிசின் லிவரு
எல்லாம் உங்க பக்கம்ணா.
பொறந்ததுலேர்ந்து உங்க ஊர்ல
வாடகைக்கு இருக்கேன்.
ரெண்டு பாஷையும் தெரிஞ்சாதான் பொழப்பு.”

குச்சிக்கு ஒரு முனை கொஞ்சம் மொத்தம்.
தலைகீழா கையில வந்தா
நானு கீழ வச்சு, திருப்பி, மறுபடி எடுப்பேன்.
அவ மோதிர விரலால ஒரே தட்டு,
அந்தரத்துலயே திரும்பிடும்.
அதைத்தான் திருடுனேன்.
ஒரு வாரம் ஓரக்கண்ணால,
அப்புறம் கூச்சமில்லாம நேராவே பாத்து.

“நல்லா தூங்குங்க. பகல்ல செஞ்சது
ராத்திரிதான் உள்ள இறங்கும்”ன்னாங்க மேடம்.
தலைக்குள்ள வலப்பக்கத்துக்கும் எடப்பக்கத்துக்கும்
நடுவுல ஒரு பாலம் இருக்காம்.
எங்க தெரு முனையில எண்ணூர் ரோடு.
பகல்ல நின்ன எடத்துலயே நிக்கிற கண்டெய்னர் லாரிங்க
ஊரு அடங்குனப்புறம் ஒண்ணொண்ணா நகரும்,
ஜன்னல் கம்பி லேசா நடுங்கும்.
நானு எண்ணிக்கினே படுத்திருப்பேன்.
எந்த சரக்கு எந்த கேட்டுக்குப் போகுதோ,
யாரு கையெழுத்துப் போட்டாங்களோ.

நாலாவது வாரம் முப்பத்திரண்டு விநாடி.
பட்டன் போட்டேன். ஷேவ் பண்ணேன், ஒரே ஒரு வெட்டு.
கிளாரா டீ கிளாஸை நீட்டுனா
பீச்சாங்கை முந்திப் போயி வாங்குது.
சோத்துக்கு மட்டும் ஸ்பூன்.
சோறு தொடாத கையை
ஆறு வாரமா இன்னான்னு கூப்புடறதுன்னு
வீட்ல யாருக்கும் தெரியல.

கட்டைப் பிரிச்சாங்க.
வெளுத்து, மெலிஞ்சு, தோலு உரிஞ்சு,
யாரோ விட்டுட்டுப் போன கை மாதிரி கெடந்துச்சு.
பலகை வந்துச்சு.
விரலு மடங்க மாட்டேங்குது.
ஒண்ணு. ரெண்டு. மூணாவது நழுவிடுச்சு.
அஞ்சாவது குச்சி தலைகீழா வந்துச்சு.

மோதிர விரலு தட்டுச்சு.

மெதுவாத்தான். ஆனா அந்தரத்துல. திரும்பிடுச்சு.

நானு சொல்லல அதுக்கு.
கட்டுக்குள்ள இருட்டுல இருந்த கை அது,
ஒரு நாளும் பழகல,
ஒரு குச்சியும் தொடல.
பக்கத்து நாற்காலியப் பாத்தேன்.
நஸ்ரின் போன வியாழக்கிழமையே டிஸ்சார்ஜ்.
அங்க ஒரு பெரியவரு
கட்டை விரலைத் தூக்கப் பாத்துக்கினு இருந்தாரு.

மேடம் அட்டையில எழுதுனாங்க: அறுபத்தெட்டு விநாடி.
அந்தத் தட்டை எழுத
அட்டையில கட்டம் இல்ல.